டோக்கன் நாற்பத்தொன்று

ஆடி 25, ஞாயிறு

நேரு செத்துப்போனதும் தனுஷ்கோடி கடலுக்குள் போனதும் ஒரே வருஷம். முன்னது வைகாசி, பின்னது மார்கழி. அரிசிக்குப் பை தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற வருஷமும் அதுதான். இரண்டுக்கும் நடுவே, ஐப்பசியில், கரடிப்பள்ளம் மின்சாரத் திட்டத்துச் சுரங்கத்தில் நாங்கள் நான்கு பேர் மலைக்குள் அடைபட்டோம்.

எனக்கு எழுதத் தெரியாது. ஆனால் அந்த நாட்களின் டைரி என்னிடம்தான் இருக்கிறது. வாயில் இருக்கிறது. அறுபது வருஷமாக வாரம் ஒரு தடவையாவது முதலிலிருந்து கடைசி வரைக்கும் எனக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஒரு வார்த்தை தேய்ந்ததில்லை.

எழுதிக்கொள்வது ராயம்மா. அடைபட்டவர்களில் ஒருவனான திம்மராயனின் மகள். அவள் அப்பன் மலைக்குள் போனபோது இவள் தாய் வயிற்றில் மூன்று மாதம். தாலுகா ஆபீசில் டைப் அடித்து ஓய்வு பெற்றவள், கை வேகம். போன மாதம் தாயும் தவறிவிட்டாள். காரியம் முடிந்த கையோடு பஸ் ஏறி வந்தவள், என் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்கப்பா எப்படிச் செத்தாருன்னு அம்மாவுக்கே முழுசாத் தெரியாது பெரீப்பா. ஒரு நாள் விடாம சொல்லுங்க" என்றாள்.

இடுப்பு முறிந்து எட்டு மாதமாக எனக்கும் இந்தக் கட்டில்தான். எழுந்து எங்கேயும் போய்விட முடியாது. சொல்கிறேன்.

அங்கே என்னை அம்மாசி என்று கூப்பிட்டார்கள். தினமும் ஓவர்சீயர் சொல்லச் சொன்னது ஒன்றிரண்டு வரி. அதற்கு அடியில் நான் எனக்கென்று வைத்துக்கொண்டது தனி. இரண்டையும் அப்படியே சொல்வேன். ராயம்மா, குறுக்கே கேட்காதே. அறுந்துவிடும்.


ஐப்பசி 13, வியாழன்

ஓவர்சீயர் சொன்னது: பிற்பகல் இரண்டே கால் மணி. சுரங்கம் வெட்டிக்கொண்டிருக்கும் முகப்பிலிருந்து நாற்பது கஜம் பின்னால் பாறை சரிந்து வழி அடைந்தது. உள்ளே நால்வர். காயம் இருவருக்கு. காற்று இருக்கிறது.

நான் வைத்துக்கொண்டது: முதலில் சத்தமே இல்லை. காதில் பஞ்சு அடைத்த மாதிரி ஆயிற்று. பிறகுதான் இடி. தூசி அடங்கக் கால் நாழிகை ஆனது. விளக்கைப் பற்றவைத்துப் பார்த்தால் பின்னால் வழி இல்லை.

ஓவர்சீயர் தாமோதரனுக்கு வலது மணிக்கட்டு உடைந்து தொங்கியது. கண்ணாடி போய்விட்டது. துளை மெஷின் ஓட்டும் குஞ்ஞப்பன், பாலக்காட்டுக்காரன், அவனுக்கு ஒரு கீறல் இல்லை. என்னோடு மக் அள்ளும் திம்மராயனுக்கு இடுப்பில் கல் விழுந்திருந்தது. வெடித்த பாறைச் சில்லைத்தான் மக் என்போம். அதை அள்ளி வண்டியில் போடுவது எங்கள் இருவர் வேலை. திம்மராயன் என் ஊர்க்காரன், பங்காளி முறை. இடுப்பைப் பிடித்துக்கொண்டே, நாலு மணி டீ வந்தால் தன் பங்கை யாரும் குடித்துவிடக் கூடாது என்றான்.

எங்களிடம் இருந்தவை: கார்பைடு விளக்கு நான்கு, கார்பைடு அரை டப்பா, கடப்பாறை ஒன்று, மண்வெட்டி இரண்டு, சோற்றுத் தூக்கு மூன்று. தண்ணீர் மேலிருந்து சொட்டுகிறது.

காற்றுக் குழாய் நசுங்கிக் கிடந்தது. ஆனால் தட்டினால் சத்தம் போகும். உள்ளே எத்தனை பேரோ அத்தனை தட்டு, அதுதான் எல்லாச் சுரங்கத்திலும் வழக்கம். நான்கு தட்டினோம். வெகுநேரம் கழித்து வெளியே இருந்து நான்கு வந்தது.

ஓவர்சீயர் சட்டைக்குள்ளிருந்து சுரங்கத்தின் நீலப் படத்தை எடுத்து மூக்கோடு ஒட்டவைத்துப் பார்த்தார். இடமும் வலமும் முழுப்பாறை, அவர்கள் பின்னாலிருந்து தோண்டி வந்தால்தான் உண்டு என்றார். யாரும் எந்தச் சுவரிலும் கடப்பாறை வைக்கக் கூடாது, தவறான இடத்தில் தொட்டால் மேலே மிச்சம் இருப்பதும் வந்துவிடும் என்றார். காற்று எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் அவருக்குப் புரியவில்லை.

விளக்கின் சுடர் இடது பக்கம் சாய்ந்தே எரிந்தது. வலது சுவரிலிருந்து யாரோ மெல்ல ஊதுகிற மாதிரி.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஓவர்சீயர் தவித்தார். பதினோரு வருஷ வேலையில் டைரி எழுதாமல் ஒரு நாள் போனதில்லையாம். கையும் இல்லை, கண்ணும் இல்லை. குஞ்ஞப்பன்தான் வழி சொன்னான்: "இந்த அம்மாசியோட தலையில எழுதி வெச்சோளு சார். நூத்தி நாப்பது ஆளோட டோக்கனும் பேரோட சொல்லும் இவன். ஆருக்கும் அழிக்க முடியாது." ஓவர்சீயர் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். இது அப்படித் தொடங்கியது.


ஐப்பசி 14, வெள்ளி

ஓவர்சீயர் சொன்னது: நால்வரும் உயிரோடு. வெளியே தோண்டும் சத்தம் கேட்கிறது. சோறு ஆளுக்கு ஒரு கவளம்.

நான் வைத்துக்கொண்டது: காலையில் நேற்றைய டைரியைச் சொல்லிக் காட்டச் சொன்னார். சொன்னேன். அவர், "ஒரு சொல்லு பிசகலையே. உன்னைப் போய் யாரப்பா மக் அள்ள விட்டது?" என்றார்.

திம்மராயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு வலிக்கிறது, வலித்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. அவனுக்குத் தெரியும். மற்ற இருவருக்கும் தெரியாது.

நான் அம்மாசி இல்லை. அம்மாசி என் அண்ணன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பழைய கான்ட்ராக்டர் காலத்தில், நானும் அண்ணனும் இதே சுரங்கத்தில் எங்கள் சொந்தப் பெயரில் வேலை செய்தோம். பிறகு கான்ட்ராக்டர் மாறினார். புதியவர் பக்கத்தில் ஓவர்சீயராக வந்தவர் தாமோதரன். பழைய ஆட்களை வரிசையில் நிறுத்திப் பொறுக்கினார். அண்ணன் தோளைப் பார்த்தார், பித்தளை டோக்கன் ஒன்று கொடுத்தார், நாற்பத்தொன்று. அடுத்து என்னிடம் வந்தார். நான் அப்போதும் ஒல்லி. படிப்பு உண்டா என்றார், இல்லை என்றேன். பக்கத்தில் நின்ற கணக்கரிடம் திரும்பி, "இவன் லாயக்கில்ல" என்றார். அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் அண்ணன் ஊரில் கிணற்று மேட்டில் வழுக்கிக் கால் முறித்துக்கொண்டான். டோக்கன் வீணாகக் கூடாது என்று என் கையில் கொடுத்தான். இங்கே டோக்கனைத்தான் பார்ப்பார்கள், முகத்தை யார் பார்த்தார்கள்? நான் எனக்கு இரண்டு சட்டம் வைத்துக்கொண்டேன். முன்னால் நிற்காதே. கேட்காமல் பேசாதே.

அமாவாசையில் பிறந்தவனுக்கு இருட்டு என்ன புதுசா என்று குஞ்ஞப்பன் இன்று என்னைக் கிண்டல் செய்தான். நான் பிறந்தது பௌர்ணமிக்கு மறுநாள். சிரித்துவைத்தேன்.


ஐப்பசி 15, சனி

ஓவர்சீயர் சொன்னது: காலை நான்கு தட்டினோம், பதில் வந்தது. மதியம் தட்டினோம், பதில் இல்லை.

நான் வைத்துக்கொண்டது: மதியம் பின்பக்கம் இன்னும் கொஞ்சம் சரிந்தது. அதோடு குழாயும் எங்கேயோ துண்டாகியிருக்க வேண்டும். தோண்டும் சத்தமும் நின்றது.

திம்மராயன் தூக்கில் இருந்த களி உருண்டையை நான்காக வெட்டினோம். மூன்று நாள் களி. குஞ்ஞப்பன் வாழ்க்கையில் களி சாப்பிட்டதில்லை. இது சாப்பிடுவதா, சுவர் பூசுவதா என்று கேட்டான். திம்மராயன், இரண்டுக்கும் ஆகும், உங்கள் மரவள்ளிக்கிழங்கு ஒன்றுக்கும் ஆகாது என்றான். நன்றாகத்தான் பேசினான். உட்கார்ந்திருந்தான். ஒன்றுக்குப் போகும்போதுதான் கத்தினான். ரத்தமாகப் போகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

பிறகு, மற்றவர்கள் கண் மூடியிருந்தபோது, என் கையைத் தொட்டான்.

"நீ என்னடா அந்தச் செவுத்தையே பாக்கற?"

"எந்தச் செவுரு?"

"வலக்கைப் பக்கம். வந்ததுலருந்து பாக்கற. அங்க என்னடா இருக்குது?"

"ஒண்ணுமில்ல பங்காளி" என்றேன்.


ஐப்பசி 16, ஞாயிறு

ஓவர்சீயர் சொன்னது: மணி ஆறு. காலை.

நான் வைத்துக்கொண்டது: தூங்கி எழுந்து பார்த்தால் கடிகாரத்தில் ஆறு. காலை ஆறு என்றார் ஓவர்சீயர். கொஞ்சம்தான் தூங்கினோம், இது சனி சாயங்காலம் என்றான் குஞ்ஞப்பன். ரேடியம் முள்ளுக்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. ஓவர்சீயர் சொன்னதையே வைத்துக்கொண்டேன்.


ஐப்பசி 17, திங்கள்

ஓவர்சீயர் சொன்னது: திம்மராயனுக்குக் காய்ச்சல். கார்பைடு இரண்டு பிடி பாக்கி. சோறு இல்லை.

நான் வைத்துக்கொண்டது: விளக்கை அணைத்துவிட்டோம். மணிக்கு ஒரு தடவை பார்ப்பதற்கு மட்டும் பற்றவைக்கிறோம்.

திம்மராயன் வயிறு வீங்கிவிட்டது. கை வைத்தால் பலகை மாதிரி இருக்கிறது.

இரண்டு தடவை ஓவர்சீயரிடம் போனேன். முதல் தடவை "அய்யா" என்றேன். "சும்மா இருப்பா, நான் யோசிச்சிட்டிருக்கேன்" என்றார். திரும்பி வந்துவிட்டேன். இரண்டாம் தடவை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அதைக் கேட்கப் போகவில்லை.

ஒன்றுக்குப் போகிறேன் என்று சொல்லி வலது சுவரோரம் நடந்தேன். காற்றுக் குழாயின் மூன்றாவது இணைப்புக்கு நேர் எதிரே, இடுப்பு உயரத்தில் தடவினேன். பாறை பாறையாகவே போய், ஓரிடத்தில் வழவழப்பாக ஆனது. சிமெண்டுப் பூச்சு, ஓரத்து விரிசலில் காற்று. அதில் தேடினேன். இருந்தது. என் கட்டைவிரலை அந்தக் குழிக்குள் வைத்தேன். உறை மாதிரி பொருந்தியது.

பழைய கான்ட்ராக்டர் இங்கே பாறை சரியில்லை என்று பார்ப்பதற்காக ஓடைப் பக்கமாக ஒரு சின்னக் குகை தோண்டச் சொன்னார். ஆள் குனிந்து போகலாம், அறுபது அடி. ஓடைக்கரையில் போய்த் திறந்தது. தண்ணீர் வருகிறது என்று, அந்த வாயைக் கல்லும் செடியுமாக அடைத்துவிட்டு, இந்த வாயைச் சுவர் கட்டிப் பூசினோம். சுவர் கட்டியது நான். பூச்சு ஈரமாக இருக்கும்போதே மேஸ்திரி சிரித்துக்கொண்டு, படித்தவன் கையெழுத்துப் போடுவான், நீ கைநாட்டு வையடா என்றான். வைத்தேன்.

அது படத்தில் இல்லை. அதை அறிந்தவர்கள் யாரும் புது கான்ட்ராக்டரிடம் இல்லை. அண்ணன் வெளியே வண்டி தள்ளினான், அவனுக்கும் தெரியாது.

சொன்னால் நீ எப்படி அங்கே இருந்தாய் என்று கேட்பார். டோக்கன் நாற்பத்தொன்றுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் அது மட்டும் இல்லை. படம் போட்டவர்கள் படித்தவர்கள். அவர்கள் இல்லை என்று போட்ட இடத்தில் இருக்கிறது என்று சொல்ல நான் யார்? ஒருவேளை ஓடைப் பக்கம் வாய் முழுதும் சரிந்து அடைந்திருந்தால்? சுவரை இடிக்கும்போது கூரை விழுந்தால்? மூன்று பேரையும் கொன்றவன் ஆவேன். லாயக்கில்லாதவன் பேச்சைக் கேட்டுச் செத்தார்கள் என்று ஆகும்.

விரலை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.


ஐப்பசி 18, செவ்வாய், தீபாவளி

ஓவர்சீயர் சொன்னது: அன்று கடைசியில்தான் சொன்னார், அங்கே சொல்கிறேன்.

நான் வைத்துக்கொண்டது: கடிகாரத்தில் மணி நான்கு. இன்று தீபாவளி, விடியற்காலை நான்கு, எண்ணெய் வைத்துக் குளிக்கும் நேரம் என்றார் ஓவர்சீயர். திம்மராயன் முனகலை நிறுத்திவிட்டு, அப்படியானால் குளிக்க வேண்டாமா என்றான். குஞ்ஞப்பன் துளை மெஷினிலிருந்து கிரீசை வழித்து வந்தான். ஓவர்சீயர் உச்சியில் ஒரு பொட்டு, என் உச்சியில் ஒன்று, திம்மராயன் உச்சியில் ஒன்று. தனக்கும் வைத்துக்கொண்டான். சொட்டும் தண்ணீரைக் கையில் பிடித்து ஒவ்வொருவர் தலையிலும் தெளித்தான். கங்கா ஸ்நானம் ஆச்சா என்று ஓவர்சீயர் முறையாகக் கேட்டார். ஆச்சு என்றோம். இருட்டில் நான்கு பேரும் கிரீஸ் நாற்றத்தோடு உட்கார்ந்திருந்தோம். வருகிற தீபாவளிக்குத் தன் வீட்டில் மூன்று பேர் என்றான் திம்மராயன். அப்போதுதான் உன்னைப் பற்றி எங்களுக்குச் சொன்னான், ராயம்மா. பெண் என்றுதான் சொன்னான். எப்படித் தெரியும் என்று குஞ்ஞப்பன் கேட்டதற்கு, பையனாக இருந்தால் அவள் இத்தனை புளி தின்ன மாட்டாள் என்றான்.

அதற்குப் பிறகு அவன் பேச்சு கலைந்துவிட்டது. ஊரில் யார் யாரையோ கூப்பிட்டான். மத்தியானம் ஒரு தடவை தெளிந்தான். என்னைக் குனியச் சொல்லி, என் பெயரைச் சொன்னான். என் சொந்தப் பெயரை. இரண்டு வருஷமாக அந்த மலையில் யாரும் சொல்லாதது.

ஓவர்சீயர், யாரைக் கூப்பிடுகிறான் என்று கேட்டார். ஊரில் யாரோ என்றேன்.

திம்மராயன் அதைக் கேட்டான். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்திருந்த பிடியை விட்டான். தள்ளிவிடவில்லை. விட்டான், அவ்வளவுதான்.

சாயங்காலம் மணி நான்குக்கு மூச்சு நின்றது.

ஓவர்சீயர் இடது கையால் அவன் கண்களை மூடினார். விளக்கைப் பற்றவைத்தோம். சுடர் இடது பக்கமாகவே சாய்ந்தது. குஞ்ஞப்பன் சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு குழாயிடம் போனான். பதில் வராவிட்டாலும் நான்கு மணிக்குத் தட்டுவது வழக்கம். போனவன் தட்டாமல் திரும்பிப் பார்த்தான்.

"சார், எத்தர தட்டணும்?"

நான் எழுந்து நின்றேன். தலை மேலே இடித்தது.

"தட்ட வேண்டாம்" என்றேன். "வழி இருக்குதுங்க."

எங்கே என்றார். வலது சுவரைக் காட்டினேன். குழாயின் மூன்றாவது இணைப்புக்கு எதிரே, உள்ளே அறுபது அடி, ஓடைக்குப் போகும் என்றேன். படத்தை எடுக்க அவர் கை சட்டைக்குள் போயிற்று.

"படத்துல இல்லையேப்பா."

"படத்துல இல்லைங்க. எங்கிட்ட இருக்குது."

"உனக்கு எப்படித் தெரியும்? நாப்பத்தொண்ணு பழைய கான்ட்ராக்டர்கிட்ட வெளிய வண்டி தள்ளின ஆளு இல்லையா?"

"நாப்பத்தொண்ணு எங்கண்ணன். நான் அம்மாசி இல்லைங்க. நான் நீங்க லாயக்கில்லன்னு அனுப்பிச்ச ஆளு."

அவருக்கு நினைவில்லை. வெகுநேரம் என் முகத்தருகே விளக்கைப் பிடித்துப் பார்த்தும் நினைவு வரவில்லை. அது எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. இரண்டு வருஷமாக நான் சுமந்துகொண்டிருந்ததை, அவர் சொன்ன நிமிஷமே கீழே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் இடது கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சுவரில் வைத்தேன். கட்டைவிரல் குழியில் அவர் விரலை வைத்தேன். அது சிறியது, என் விரலுக்குப் பொருந்தும், அவருக்குப் பொருந்தவில்லை. பிறகு என் விரலை வைத்துக் காட்டினேன்.

"கூரை வந்துடுச்சுன்னா?" என்றார்.

"வராதுங்க. இந்த எடத்துல மேல கட்டை போட்டுத்தான் செவுரு வெச்சேன். நாலு கட்டை, தேக்கு. நான் கட்டின செவுரு, எந்தக் கல்லை மொதல்ல எடுக்கணும்னு எனக்குத் தெரியும்."

எனக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. அண்ணன் குரல் மாதிரியும் இல்லை, என் குரல் மாதிரியும் இல்லை.

கடப்பாறையை எடுத்து என்னிடம் கொடுத்தது குஞ்ஞப்பன். ஓவர்சீயர், எப்போது நினைவு வந்தது என்று கேட்டார்.

"இப்பத்தாங்க" என்றேன்.

அன்று ஓவர்சீயர் டைரிக்குச் சொன்ன வரியும் அதுதான்: வழி இப்போதுதான் நினைவு வந்தது. அப்படியே எழுது, ராயம்மா.


ஐப்பசி 19, புதன்

ஓவர்சீயர் சொன்னது: மணி ஆறு. மூவர் வெளியேறினோம்.

நான் வைத்துக்கொண்டது: மேல் வரிசையில் இடமிருந்து மூன்றாவது கல். அதை எடுத்தால் மற்றவை தாமாக வரும். வந்தன. உள்ளே முழங்கால் தண்ணீர், எலும்பைக் குத்தும் குளிர். தவழ்ந்து போனோம். கடைசி வாய் அடைபட்டுத்தான் இருந்தது. ஆனால் வேர் இறங்கியிருந்தது. வேர் இருந்தால் மண்தான், பாறை இல்லை. நானும் குஞ்ஞப்பனும் மாறி மாறிக் கடப்பாறையும் கையுமாகப் பறித்தோம். நகம் ஆறு போயிற்று எனக்கு. மொத்தம் பதினான்கு மணி நேரம். எத்தனை இடத்தில் நிறுத்திவிடலாம் என்று குஞ்ஞப்பன் சொன்னானோ, அத்தனை இடத்திலும் இன்னும் மூன்று முழம், இன்னும் இரண்டு முழம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை முழம் என்று எனக்குத் தெரியாது. சொன்னேன்.

கை ஓட்டை விழுந்ததும் வெளியே வேட்டுச் சத்தம். நமக்காக வெடி வைத்துத் தோண்டுகிறார்கள் என்று குஞ்ஞப்பன் அழுதான். விடியற்காலை ஆறு மணி வெளிச்சத்தை எதிர்பார்த்துத் தலையை நீட்டினேன். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. எதிர்ச் சரிவில் கூலி லைன் வீடுகளில் விளக்கு வைத்திருந்தார்கள். அங்கிருந்துதான் வேட்டு. சரவெடி.

அது புதன் காலை இல்லை. செவ்வாய் சாயங்காலம். தீபாவளி அன்று. தூங்கி எழுந்த அன்று, இது சனி சாயங்காலம் என்று குஞ்ஞப்பன் சொன்னதுதான் சரி, நாங்கள் அரை நாள் முன்னால் ஓடியிருக்கிறோம். அப்படியானால் திம்மராயன் மூச்சு நின்ற நான்கு மணி சாயங்காலம் இல்லை. விடியற்காலை நான்கு. ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நேரம். உன் வீட்டில் திதி கொடுக்கும் நாள் சரிதான், ராயம்மா. அதை மாற்றாதே.

இந்த நாளின் தேதியை மட்டும் டைரியில் நான் திருத்தவில்லை. எங்களுக்கு அது புதன்தான்.

வாசலில் ஆள் எண்ணும் கணக்கர் ஓடிவந்தார். நாற்பத்தொன்று, அம்மாசி என்று கூப்பிட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஓவர்சீயர் முந்திக்கொண்டார். "ஆமா, அம்மாசிதான். எழுதிக்கோ." பிறகு என் காதருகே, ஆள்மாறாட்டம் என்று தெரிந்தால் வேலையும் போகும், போலீசும் வரும், நான் உனக்குச் செய்யக் கூடியது இது ஒன்றுதான், அம்மாசியாகவே இரு என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். அந்த மலையிலிருந்து அன்று வெளியே வந்தேன். அந்தப் பெயருக்குள் அன்று அடைபட்டேன்.

கேட்டில் அண்ணன் நின்றிருந்தான். அடைபட்டவர் பட்டியலில் தன் பெயரைக் கேட்டு, நொண்டிக்கொண்டு நாற்பது மைல் வந்திருக்கிறான். நீ யார் என்று காவல்காரன் கேட்க, அம்மாசியின் தம்பி என்று சொல்லியிருக்கிறான். பெயர் கேட்டதற்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறான். வேறென்ன செய்வான்.

ஆஸ்பத்திரியில் என் கைக்கு மருந்து கட்டிய டாக்டர், திம்மராயன் உடம்பையும் பார்த்தவர். நான் கேட்காமலே சொன்னார். உள்ளே ரத்தம் மெதுவாகத்தான் கசிந்திருக்கிறது, இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார்.

இது டைரியில் இருக்கிறது. உன் அம்மாவிடம் சொன்ன டைரியில் இல்லை.


ஆடி 27, செவ்வாய்

நேற்று ராயம்மா எழுதவில்லை. ஐப்பசி 13-ஐத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு 15-ஐ. பிறகு 17-ஐ. சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. ஊருக்குக் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

இன்று காலை வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தாநாள் வைத்த இடத்திலேயே நாற்காலி இருந்தது. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சுன்னு சொன்னீங்களே பெரீப்பா. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

குறுக்கே கேட்காதே என்று சொல்லியிருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"நம்புவாங்கன்னு தெரியலம்மா" என்றேன். "அவங்க இல்ல. நான். என்னை நானே நம்புவேன்னு தெரியறதுக்கு அஞ்சு நாள் ஆச்சு. அந்த அஞ்சு நாள் உங்கப்பனோடது."

அவள் அதை எழுதினாளா என்று தெரியவில்லை. எழுதுகிற சத்தம் கேட்டது.

பிறகு நான் என்ன ஆனேன் என்று கேட்டாள். சொன்னேன். அடுத்த வருஷம் ஓவர்சீயர் என்னைத் துளை மெஷினுக்கு மாற்றினார், குஞ்ஞப்பன் கற்றுக்கொடுத்தான். ஆறாம் வருஷம் மேஸ்திரி. பதினோராம் வருஷம் ஃபோர்மேன். நான்கு மலையில் சுரங்கம் போட்டேன், கையெழுத்துத் தெரியாத ஃபோர்மேன் அந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான். படத்தைப் பார்க்க என்ஜினீயர் வருவார், மலையைப் பார்க்க என்னைக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் உள்ளே போகுமுன் எல்லாரையும் நிறுத்தி, கடைசியில் நிற்கிற மக் அள்ளுபவனை முன்னால் கூப்பிடுவேன். உனக்குத் தெரிந்தது எதையாவது சொல் என்பேன். பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டான். நிற்பான். சொல்லும் வரை நானும் நிற்பேன். சிரிப்பார்கள். ஆனால் என் ஷிப்டில் யாரும் உள்ளே தங்கியதில்லை.

எல்லாம் அம்மாசி. சம்பளப் புத்தகம் அம்மாசி, ஓய்வுப் பத்திரம் அம்மாசி, கரடிப்பள்ளம் அணைக்கட்டில் நட்ட கல்லில் அடைபட்ட நான்கு பேரில் மூன்றாவது பெயர் அம்மாசி. ஊரில் நிலப் பட்டாவிலும் என் பெயரில் அண்ணன்தான் கைநாட்டு வைத்தான். கல்யாணப் பத்திரிகையில்கூட யார் பெயரைப் போடுவது என்று இரண்டு நாள் பேசினோம். அம்மாசி என்றே போட்டோம். என் பெண்டாட்டி சாகும் வரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதனால் தப்பித்தேன்.

ராயம்மா, இதை எழுதிக்கொண்டு முடித்துவிடு.

திம்மராயன், டோக்கன் அறுபத்தேழு, நேரு செத்த வருஷம் ஐப்பசி 18, விடியற்காலை நான்கு மணி. மணியை உனக்காகத் திருத்திவிட்டேன். தாமோதரன், இந்திரா காந்தியைச் சுட்ட வருஷம், சர்க்கரை வியாதியில். கடைசியாகப் பார்க்கப் போனபோதும் அந்த வரிசை அவருக்கு நினைவு வரவில்லை, நானும் நினைவூட்டவில்லை. அம்மாசி, என் அண்ணன், எம்.ஜி.ஆர். செத்த மார்கழியில். சுடுகாட்டில் என் பெயரைச் சொல்லித்தான் கொள்ளி வைத்தார்கள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். குஞ்ஞப்பன், கடல் பொங்கி வந்த வருஷம், பாலக்காட்டில், தூக்கத்தில். உன் அம்மா, போன மாதம்.

இந்தக் கதையில் இருந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒருவன். அன்றிலிருந்து இதுவரை எந்தக் காகிதத்திலும் அவன் தன் பெயரில் இல்லை. உன் அப்பன் கடைசியாகச் சொன்ன பெயர் அதுதான்.

மாதையன்.